கராத்தேயை பஸ்ஸுக்கும் ஒழுங்கைக்கும் ஏற்றமாதிரிப் பழக்குவது எப்படி?

கேள்வி இதுதான். கிளிநொச்சிப் பக்கம் ஒரு கிராமத்துப் பொதுநோக்கு மண்டபத்தில் பின்னேரங்களில் ஷொட்டோகான் கராத்தே பழக்குகிற ஒரு தங்கச்சி கேட்கிறார். கறுப்புப் பட்டி எடுத்தவர். பிள்ளைகளைக் கூட்டிவருகிற தாய்மார் அவரிடம், "உது பஸ்ஸுக்குள்ளை ஒருத்தன் சேட்டை விட்டால் உதவுமோ பிள்ளை, ரியூசன் முடிஞ்சு இருட்டுக்குள்ளை சைக்கிள்ளை வரேக்கை உதவுமோ" என்று கேட்கிறார்களாம். கட்டாவை (வரிசைப்படுத்தின அசைவுத் தொடரை) விட்டுவிட்டு யூடியூபில் வருகிற இராணுவப் பாணித் தற்காப்பைப் பழக்குவதா, கராத்தேயையே மாற்றுவதா, மாற்றினால் கலைக்கு மரியாதைக் குறைவாகிவிடுமா என்பது அவருடைய குழப்பம்.

தங்கச்சி, கராத்தேயை விடவேண்டாம். உங்களிடம் இருக்கிற நுட்பங்களே தாராளம், அதில் பத்திலொரு பங்கு போதும். மாறவேண்டியது பழக்குகிற முறை: எதிரில் நிற்பவர் எப்படி நிற்கிறார், எவ்வளவு கிட்ட நிற்கிறார், பிடித்தால் உண்மையாகப் பிடிக்கிறாரா, விடமாட்டேன் என்று இழுக்கிறாரா, பிள்ளை என்ன உடுப்பில் நிற்கிறாள், அடிக்கு முன்னால் என்ன கதைத்தாள், விடுபட்டபிறகு எந்தப் பக்கம் ஓடினாள். இதையெல்லாம் மாற்றாமல் புதுசாக ஐம்பது நுட்பம் சேர்த்தாலும் பழைய இடத்திலேதான் நிற்பீர்கள். யூடியூப் வீடியோக்களிலும் இதே குறைதான், அங்கேயும் பெரும்பாலும் ஒருவர் கையை நீட்டிவிட்டு மரம்மாதிரி நிற்க மற்றவர் ஐந்து அடி அடிக்கிறார்.

மரியாதைக் குறைவு என்ற கதையை முதலில் முடித்துவிடுவோம், ஏனென்றால் உங்களுடைய சென்செய்மாரில், அதாவது ஆசிரியர்மாரில், யாராவது அதைச் சொல்லித்தான் தடுப்பார்கள். இந்தக் கலைகள் ஒரு நாளும் அப்படியே நின்றதில்லை. ஒக்கினாவாவில் கராத்தேயை 1901இல் பள்ளிக்கூடத்துக்குள் கொண்டுபோனவர் இதொசு அங்கோ. பிள்ளைகளுக்கு ஏற்றமாதிரி பினான் கட்டா ஐந்தையும் அமைத்ததும் அவர்தான், நீங்கள் ஹெயான் என்று பழக்குவது அதைத்தான், பெயரை ஷொட்டோகானைத் தொடங்கிய ஃபுனகோஷி கிச்சின் பிறகு மாற்றினார். அதே இதொசு 1908இல் அதிகாரிகளுக்கு எழுதின கடிதத்தில் கராத்தே எதற்கு என்று தெளிவாகச் சொல்லியிருக்கிறார்: ஒருவரோடு போட்டிக்கு நிற்பதற்காக இல்லை, முரடன் ஒருத்தனிடம் அகப்பட்டுவிட்டால் கையையும் காலையும் பாவித்துக் காயப்படாமல் தப்புவதற்காக. ஒவ்வொரு அசைவும் எப்போது, எதற்கு என்று கேட்டறிந்து பழகவேண்டும் என்றும் அதிலே சொல்கிறார். உங்களிடம் தாய்மார் கேட்கிற கேள்வியைத்தான் அவரும் கேட்கச் சொல்லியிருக்கிறார். ஃபுனகோஷி 1922இல் ஒக்கினாவாவிலிருந்து தோக்கியோவுக்குப் போனபிறகு பல்கலைக்கழகப் பெடியள் கூட்டம் கூட்டமாகச் சேர, வரிசையில் நின்று பழகுவதும் போட்டியும் மேலே வந்தன, பிடியும் திருகலும் எறிதலும் பின்னுக்குப் போயின. நாங்கள் வாங்கிக்கொண்டது அந்தப் பிந்திய வடிவத்தை.

ஜூடோக்காரர் இதை இன்னும் திறமாகச் செய்தார்கள், அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் உங்களுக்கு வேண்டிய பாடம் முழுக்க அதற்குள் இருக்கிறது. ஜூடோவை உருவாக்கிய கானோ ஜிகோரோ 1882இல் தோக்கியோவில் எய்ஷோஜி என்ற கோயிலின் ஒரு சின்ன இடத்தில் கொடோகான் என்ற தன் பள்ளியைத் தொடங்கினார். அவர் படித்தது தெஞ்சின் ஷின்யோ, கிதோ என்ற இரண்டு பழைய ஜூஜுட்சுப் பள்ளிகளில். அந்தக் காலத்து ஜூஜுட்சு பல பள்ளிகளில் கட்டாவாகவே பழகப்பட்டது. கண்ணில் குத்துவது, மூட்டை முறிப்பது எல்லாம் இருந்தபடியால் முழுப் பலத்தோடு பழக ஏலாது. கானோ என்ன செய்தார் என்றால், ஆளை நாசமாக்குகிற நுட்பங்களைக் கட்டாவுக்குள் பத்திரமாக வைத்துவிட்டு, மிச்சத்தை இருவரும் முழுமூச்சாக எதிர்த்துப் பழகுகிற ரந்தோரிக்கு விட்டார். "ஆபத்தான" நுட்பத்தை மெதுவாகப் பழகினவனைவிட, ஆபத்துக் குறைந்த நுட்பத்தை எதிர்க்கிற ஆளோடு நாளாந்தம் பழகினவன் நிசமான சண்டையில் கெட்டிக்காரனாக இருந்தான். அந்தக் காலத்துப் பொலிசார் நடத்திய போட்டிகளில் கொடோகான் பெடியள் பேரெடுத்தது இதனால்தான் என்பது என் எண்ணம்.

அதோடு அவர்கள் நிற்கவில்லை. கொடோகானின் பழைய தற்காப்புக் கட்டா கிமே நோ கட்டாவில் 20 நுட்பங்கள், அதில் 8 முழங்காலில் இருந்தபடி செய்வது. கத்தி மட்டுமில்லை, வாள் வெட்டும் வரும். பாய் விரித்து வாளோடு இருந்த காலத்துக்கு அது சரி. 1956இல் அவர்களே கொடோகான் கோஷின் ஜுட்சு என்று ஒன்றைப் புதிதாக அமைத்தார்கள், ஐகிடோவும் தெரிந்த தொமிகி கென்ஜி அதில் முக்கிய பங்கு வகித்தார். மொத்தம் 21. வெறுங்கைக்கு எதிராக 12, அதில் 7 பிடித்துவிட்டபிறகு விடுபடுவது: இரண்டு கையையும் பிடித்தால், கொலரைப் பிடித்தால், பின்னாலிருந்து கழுத்தை நெரித்தால், பின்னாலிருந்து கட்டிப்பிடித்தால். மிச்சம் 9இல் கத்திக்கு 3, தடிக்கு 3, கைத்துப்பாக்கிக்கு 3. முழங்கால் இருப்பு இல்லை, வாள் இல்லை. நிற்கிற மனிதன், நடக்கிற மனிதன், துப்பாக்கி. கலையின் தலைமையகமே இப்படி மாற்றியிருக்கும்போது எங்கள் மண்டபத்தில் மாற்றினால் என்ன குற்றம்?

பெண்கள் விடயத்திலும் சொல்லவேண்டும். லண்டனில் வாக்குரிமை கேட்டுப் போராடிய பெண்களுக்கு 1913 அளவில் ஜூஜுட்சு பழக்கியவர் எடித் காரட், ஐந்தடிக்கும் குறைவான உயரம். பொலிசார் இழுத்துக்கொண்டு போகும்போது எப்படி விடுபடுவது, தலைவிமாரை எப்படிச் சுற்றிக் காப்பது என்பதுதான் அவருடைய பாடம். தங்களுக்கு என்ன நடக்கிறது என்று பார்த்து, அதற்கு மட்டும் பழகினார்கள். ஃபுகுதா கெய்கோ 1935இல் கொடோகானில் சேர்ந்தவர், அவரும் ஐந்தடிக்குக் குறைவு. பெண் என்பதால் ஐந்தாம் தான் என்ற கறுப்புப் பட்டித் தரத்திலேயே பல வருசம் நிறுத்திவைத்தார்கள், அப்படியிருந்தும் தொண்ணூறு வயது தாண்டியும் பழக்கிக்கொண்டிருந்தார். உங்களுடைய மாணவிகளுக்கு இந்த இரண்டு பேரையும் சொல்லுங்கள்.

சரி, போட்டிக் கராத்தேக்கும் தற்காப்புக்கும் எங்கே பாதை பிரிகிறது என்று ஒரே ஒரு சம்பவத்தில் காட்டலாம். தோக்கியோ ஒலிம்பிக்கில், 2021 ஓகஸ்டில், 75 கிலோவுக்கு மேற்பட்ட ஆண்களுக்கான இறுதிப் போட்டி. சவூதி வீரர் தாரெக் ஹமெதி முன்னணியில் நின்றார், அவருடைய உதை ஈரான் வீரர் சஜாத் கஞ்ச்ஸாதேயின் கழுத்துப் பக்கம் விழுந்து அவர் மயங்கிவிட்டார். கட்டுப்பாடில்லாத தாக்குதல் என்று ஹமெதியை நீக்கி, மயங்கிக் கிடந்தவருக்குத் தங்கம் கொடுத்தார்கள். விளையாட்டுக்கு அந்த விதி சரியானது, பிள்ளைகள் உயிரோடு வீட்டுக்குப் போகவேண்டும். ஆனால் வருசக்கணக்காக அந்த விதிக்குள் பழகின உடம்பு தொட்டவுடன் நிறுத்தும், புள்ளி எடுத்தவுடன் பின்வாங்கித் திரும்பும், நடுவர் "யமே" என்று நிறுத்தச் சொல்வதைக் காத்திருக்கும். ஆகவே போட்டிக்குப் போகிற பிள்ளைகளுக்கு அதைத் தொடர்ந்து பழக்குங்கள், தற்காப்புக்கு வேறு நேரம் ஒதுக்குங்கள், இரண்டையும் ஒரே வகுப்பில் கலக்காதீர்கள்.

இப்போது வன்னியில் உண்மையில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். கறுத்த முகமூடி போட்டவன் இரண்டு மீற்றர் தள்ளி நின்று ஓய்-சுக்கி (முன்னே அடிவைத்துக் குத்துவது) அடிக்க வருவதில்லை. நெரிசலான பஸ்ஸில் பின்னால் உரசிக்கொண்டு நிற்பவன். சந்தியில் மோட்டார் சைக்கிளை மெதுவாக்கிக் கூடவே வந்து கையை எட்டிப் பிடிப்பவன். குளக்கட்டுப் பாதையில் சைக்கிளின் கரியரைப் பிடித்து இழுப்பவன். அதைவிடக் கூட, வீட்டுக்கு வந்துபோகிற தெரிந்த ஆள், சொந்தக்காரன், குடித்துவிட்டு வருகிற கணவன். ஐக்கிய நாடுகள் சனத்தொகை நிதியம் இலங்கையில் செய்த ஆய்வில் பஸ்ஸிலோ ரயிலிலோ பாலியல் சேட்டைக்கு ஆளாகியிருக்கிறோம் என்று சொன்ன பெண்கள் 90 வீதம், பொலிசில் முறையிட்டவர்கள் 4 வீதம். 2019இல் எடுத்த தேசியக் கணக்கெடுப்பில், துணையோடு வாழ்ந்த பெண்களில் ஐந்தில் ஒருவர் அந்தத் துணையாலேயே அடி உதையோ பாலியல் வன்முறையோ அனுபவித்திருக்கிறார். உங்கள் பாடம் தொடங்கவேண்டிய இடம் இது. எல்லாமே கைக்கெட்டுகிற தூரத்துக்குள், பிடியில் தொடங்குகிறவை.

கட்டாவுக்குள் அந்தத் தூரத்துக்கானவை ஏற்கெனவே இருக்கின்றன. ஹெயான் கட்டாக்களில் முதலாவதான ஹெயான் ஷொதானில் நாலாவது அசைவை எடுங்கள், வலது கெதான் பராய் (கீழ்த்தடுப்பு) செய்தபிறகு முன்னங்காலை உள்ளே இழுத்து, வலது முஷ்டியைப் பெரிய வட்டமாகச் சுழற்றி மேலிருந்து தெத்சுய் (முஷ்டியின் அடிப்பக்கத்தால் சுத்தியல்மாதிரி) அடிப்பது. அழகுக்கு அந்த வட்டமில்லை. ஒருவன் உங்கள் வலது மணிக்கட்டைப் பிடித்திருக்கிறான். காலை உள்ளே இழுக்கும்போது முழு உடம்பும் பின்னால் போகிறது, கை மட்டும் இழுத்தால் வராத பிடி உடம்பு இழுக்கும்போது வருகிறது. வட்டம் அவனுடைய பெருவிரல் பக்கமாகப் போகிறது, பிடியில் பலம் குறைந்த பக்கம் அது. விடுபட்ட முஷ்டி அப்படியே சுத்தியலாக அவனுடைய முகத்திலோ முன்கையிலோ விழுகிறது. அடுத்தது ஹிகிதே. இடுப்புக்கு இழுக்கிற அந்தக் கை வெறுங்கையாக வரக்கூடாது, அவனுடைய சேட்டுக் கையையோ மணிக்கட்டையோ பிடித்து இழுத்துக்கொண்டு வரவேண்டும், அப்போதுதான் மற்றக் கை அடிக்கிற இடம் அசையாமல் இருக்கும். பிறகு தெக்கி. பக்கவாட்டிலேயே நடக்கிற, இடமே எடுக்காத கட்டா, முழங்கை அடியும் பிடித்து இழுப்பதும் நிறைந்தது. ஒக்கினாவாவில் தெருச் சண்டைக்குப் பேர்போன மொதொபு சோகி இந்தக் கட்டாவைத்தான் தன் அடிப்படையாக வைத்திருந்தார். பஸ்ஸின் நடைபாதைக்கு இதைவிடப் பொருத்தமான கட்டா எனக்குத் தெரியவில்லை.

ஆனால் விளக்கத்தைச் சொல்லிவிட்டால் பிள்ளைக்குக் கை வந்துவிடாது. நான் மணிக்கட்டுப் பிடியை எப்படிப் பழக்குகிறேன் என்று சொல்கிறேன், மற்றதையும் இதே மாதிரி நீங்கள் அமைக்கலாம். முதலில் பிடிப்பவர் சும்மா பிடித்து நிற்பார், பிள்ளை மெதுவாக வழியைக் கண்டுபிடிப்பாள். சரிவந்ததும் பிடிப்பவர் இழுக்கத் தொடங்குவார், படலைப் பக்கம் இழுத்துக்கொண்டு போகிறமாதிரி, உண்மையான பலத்தோடு. இங்கே முக்கால்வாசிப் பேருக்கு நுட்பம் வேலைசெய்யாது, பயப்படாதீர்கள், இதுதான் பாடம் தொடங்குகிற இடம். எதிர்த்து இழுத்தால் தோற்பாள், அவனோடு ஒரு அடி உள்ளே போய், மற்ற உள்ளங்கையால் முகத்துக்கு ஒன்று கொடுத்து, அவன் தலையைப் பின்னால் எடுக்கிற அந்தக் கணத்தில் கையைப் பிடுங்கினால் வரும். (அடி எப்போதும் கையில் பிடிக்கிற பாட் (அடிதாங்கும் மெத்தை) மேலே விழவேண்டும், ஆளின் முகத்தில் விழக்கூடாது, உரப்பைக்குள் பழந்துணி அடைத்துத் தைத்து மோட்டார் சைக்கிள் ரியூப்பால் பிடி கட்டினால் நல்ல பாட் கிடைக்கும்.) அப்புறம் பிடிப்பவர் மற்றக் கையாலும் பிடிப்பார், தூஷணம் இல்லாமல் மிரட்டிக் கதைப்பார். அப்புறம் புத்தகப் பையோடு, பள்ளிக்கூடச் சட்டையோடு, செருப்போடு, மண்டபச் சுவரில் முதுகு முட்ட நின்று. அப்புறம் மண்டபத்தைச் சுற்றி ஓடிக் களைத்து வந்தவுடனே. ஒவ்வொரு தடவையும் இருபது செக்கனுக்கு மேல் வேண்டாம், ஒவ்வொரு தடவையும் முடிவு ஓடிப்போய்க் கதவைத் தொடுவது. விடுபட்ட இடத்திலேயே நின்று கமாய் (சண்டைக்குத் தயார் நிலை) எடுத்தால் மறுபடி செய்யவிடுங்கள், அந்தப் பழக்கம் போகக் கொஞ்சம் காலம் எடுக்கும்.

முஷ்டியைப் பற்றி. மகிவாரா என்ற அடிபலகையில் வருசக்கணக்காக அடித்துக் கையை உரமாக்காத ஒருவர் மண்டையோட்டில் முஷ்டியால் குத்தினால் சின்னவிரல் பக்கத்து எலும்பு முறிகிற சாத்தியம் அதிகம். ஆகவே முகத்துக்கு ஷோதெய், அதாவது உள்ளங்கையின் அடிப்பாகம், இல்லாவிட்டால் தெத்சுய், கிட்ட வந்துவிட்டால் முழங்கை. உதை இடுப்புக்கு மேலே வேண்டவே வேண்டாம். சேலையிலும் பாவாடையிலும் கிரவல் றோட்டிலும் மவாஷி கெரி (சுற்றி உதைப்பது) விழுந்து எழும்புகிற வேலைதான். முழங்காலால் அடிவயிற்றுக்கு, குதியால் அவனுடைய பாதத்தில் மிதித்து, முன்காலெலும்பில் ஒன்று, இவ்வளவும் காணும்.

கியாயை (அடிக்கும்போது போடுகிற கத்தலை) ஏன் கடைசிக்கு விடுகிறோமோ தெரியவில்லை, பஸ்ஸில் முதல் ஆயுதமே அதுதான். பிள்ளைகள் "ஏய்" என்று கத்துவதைத் தமிழுக்கு மாற்றுங்கள். யார், என்ன செய்கிறார், என்ன செய்யவேண்டும் என்ற மூன்றும் அதில் இருக்கவேண்டும்: "சிவப்புச் சேட்டுப் போட்டவர், என்ரை இடுப்பிலை இருந்து கையை எடுங்கோ!" சும்மா அழுதால் பஸ்ஸில் உள்ளவர்களுக்கு என்ன நடந்தது என்றே விளங்காது, இப்படிச் சொன்னால் எல்லாக் கண்ணும் சிவப்புச் சேட்டுக்குப் போகும், கொண்டக்டரும் பேசாமல் இருக்க ஏலாது. எங்களுடைய பெட்டைப் பிள்ளைகளுக்கு உதையைவிடக் கஷ்டமானது இதுதான். குரல் தொண்டைக்குள்ளேயே நின்றுவிடுகிறது, "பொம்பிளைப் பிள்ளை சத்தம் போடக்கூடாது" என்று சின்னனில் இருந்து கேட்டு வளர்ந்திருக்கிறார்கள். நான் மண்டபத்தில் கதிரைகளை இரண்டு வரிசையாக அடுக்கி, நடுவில் நெரிசலாக ஆட்களை நிற்கவைத்து, ஒவ்வொருவராக இதைச் சொல்லவைப்பேன். முதலில் சிரிப்பார்கள். சிரிப்பு அடங்கும்வரை செய்யுங்கள். தாய்மாரையும் அந்த வரிசையில் ஏற்றுங்கள், தாய் கத்துவதைப் பார்த்த பிள்ளைக்குக் குரல் தானாக வரும்.

கத்திக்கு வருவோம். பெடியள் எல்லோருக்கும் இதில்தான் ஆசை, வாள்வெட்டுக் கதைகள் வேறு ஊரெல்லாம். இங்கே உண்மையைச் சொல்லாத ஆசிரியர் பிள்ளைகளைச் சாகக் கொடுக்கிறார் என்றுதான் சொல்வேன். பாரம்பரியத்தில் கத்திக்காரன் ஒரு தடவை நீட்டிக் குத்திவிட்டுக் கையை அப்படியே விட்டு நிற்பான். உண்மையில் ஒரு கையால் சேட்டைப் பிடித்துக்கொண்டு மற்றக் கையால் தையல் மெசின்மாதிரிக் குத்துவான். நீங்களே பாருங்கள்: ஒரு முழக் கம்பின் நுனியைக் கரியில் தோய்த்து ஒருவரிடம் கொடுங்கள், மற்றவருக்குப் பழைய வெள்ளைச் சேட்டும் கண்ணுக்குக் கண்ணாடியும் போட்டுவிட்டு, பத்துச் செக்கன் குத்தச் சொல்லுங்கள், முகத்துக்கு வேண்டாம். பிறகு சேட்டைக் கழற்றி எல்லோருக்கும் காட்டுங்கள், வயிற்றிலும் முன்கையிலும் எத்தனை கறுப்புக் கோடு என்று. அதற்குப் பிறகு நீங்கள் அறிவுரை சொல்லவே தேவையில்லை. பழக்கவேண்டியது இவ்வளவுதான்: பணமோ ஃபோனோ கேட்டால் எறிந்துவிட்டு மற்றப் பக்கம் ஓடு, ஓட இடம் இருந்தால் ஓடு, சைக்கிளை, கதிரையை, புத்தகப் பையை இடையில் வை, வளவுக்குள் ஓடிப் படலையைச் சாத்து. எதற்கும் வழியில்லாமல் சுவரோடு அகப்பட்டால் மட்டும் கத்திக் கையை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்து, உடம்போடு ஒட்டி, முழங்காலும் தலையும் பாவித்து அடிப்பது. அப்படியும் வெட்டு விழும். வாளோடு மோட்டார் சைக்கிளில் வருகிறவர்களுக்கு எதிராக ஒரு கலையும் இல்லை, ஓட்டமும் மதிலும்தான்.

விழப் பழக்குவதை ஷொட்டோகான்காரர் கவனிப்பதில்லை, நீங்கள் கவனியுங்கள். ஜூடோவின் உகெமி, அதாவது காயப்படாமல் விழுகிற முறை, எங்கள் பிள்ளைகளுக்கு வாழ்நாளில் அதிகம் உதவப்போகிற ஒன்று, சைக்கிளிலும் மோட்டார் சைக்கிளிலும் விழாத ஆள் வன்னியில் யார்? ஜூடோப் பாய் வாங்கக் காசு இல்லாவிட்டால் வைக்கோலைக் கனமாகப் பரப்பி அதன்மேல் படங்கை இறுக்கி விரியுங்கள், அறுவடை முடிந்தால் வைக்கோலுக்குப் பஞ்சமில்லை. குந்தியிருந்து பின்னால் உருள்வதில் தொடங்குங்கள், நாடி நெஞ்சில் முட்டவேண்டும், கையை ஊன்றக்கூடாது. பிறகு விழுந்த நிலையில் இருந்து ஒரு காலால் எதிராளியைத் தள்ளி வைத்துக்கொண்டே எழும்புவது.

அடுத்து நான் சொல்வதை வேறு ஊர் ஆசிரியர்கள் எழுதமாட்டார்கள், ஏனென்றால் அவர்களுக்கு அந்த நிலைமை வராது. உங்கள் மண்டபத்துக்கு வருகிற பெரியவர்களில் போர்க்காலத்துச் செல் துண்டு உடம்பில் இருப்பவர்கள் இருப்பார்கள். காலில்லாதவர், ஒரு காது கேளாதவர், பதுங்கு குழியின் இருட்டை இன்னும் மறக்காதவர். பின்னாலிருந்து கழுத்தை நெரிக்கிற பயிற்சியை அறிவிப்பில்லாமல் தொடங்கினால் ஒருவர் அப்படியே விறைத்துப்போகலாம், அல்லது அழுதுகொண்டு வெளியே போய் மறுபடி வராமல் விடலாம். அதனால் முதல் நாளே தனித்தனியாகக் கேளுங்கள், எங்கே தொடக்கூடாது, எங்கே நோகும், எது வேண்டாம் என்று. காரணம் கேட்கவேண்டாம். ஜூடோவில் இரண்டு தரம் தட்டினால் அந்தக் கணமே விடவேண்டும் என்ற ஒழுங்கு உண்டு, அதை எல்லாப் பயிற்சிக்கும் சட்டமாக்குங்கள், "காணும்" என்று சொன்னாலும் அதே. விறைத்துப்போவது கோழைத்தனமில்லை, உடம்பு பயத்துக்குச் செய்கிற இயல்பான காரியம் என்பதை வாயால் சொல்லுங்கள், முன்பு ஏதாவது நடந்து அப்போது ஒன்றும் செய்ய ஏலாமல் போனவர்கள் உங்கள் முன்னால் நிற்கக்கூடும். செயற்கைக் காலோடு வருகிறவருக்குக் கதிரையில் இருந்தபடி முழங்கையும் ஊன்றுகோலும் பழக்கலாம், கிமே நோ கட்டாவின் இருந்த நிலை நுட்பங்கள் இங்கே திரும்ப உயிர்பெறுகின்றன. வாளோடு போயிற்று என்று மேலே நான் சொன்ன அதே கட்டாதான்.

சட்டத்தையும் பாடத்தில் சேருங்கள், அரை மணித்தியாலம் போதும். இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 89 முதல் 99 வரையான பிரிவுகள் தற்காப்பு உரிமையைப் பற்றியவை. தன் உடம்பையும் மற்றவருடைய உடம்பையும் காக்க உரிமை உண்டு, ஆனால் தேவைக்கு மேலே தீங்கு செய்ய உரிமை இல்லை. பெடியளுக்கு இதை அழுத்திச் சொல்லுங்கள்: விழுந்தவனை மிதித்தால், ஓடுகிறவனைக் கலைத்துப்போய் அடித்தால், மறுநாள் கொட்டனோடு அவன் வீட்டுக்குப் போனால், அது தற்காப்பில்லை, வழக்கில் நீதான் எதிரி. பாலியல் சேட்டை 345ஆம் பிரிவின் கீழ் குற்றம், பஸ்ஸில் நடந்தாலும் குற்றம்தான். பொலிஸ் 119, பெண்களுக்கு 1938, சிறுவர்களுக்கு 1929, அம்புலன்ஸ் 1990, இந்த நாலையும் சுவரில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள்.

வீட்டுக்குள் அடிவாங்குகிற பெண் உங்களிடம் வந்தால், ஒரு முழங்கை அடியைப் பழக்கி வீட்டுக்கு அனுப்பிவிடாதீர்கள். அன்றிரவு அவர் அதே வீட்டில்தான் படுக்கவேண்டும், திருப்பி அடித்தால் அடுத்த அடி எங்கே போய் முடியும் என்று யாருக்கும் தெரியாது. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம், பிரதேச செயலகத்தில் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தரிடம் கூட்டிக்கொண்டு போகலாம். கூடப் போவது உங்கள் வேலை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

கனடாவில் மூன்று பல்கலைக்கழகங்களில் சார்லீன் சென் என்பவர் தலைமையில் நடந்து 2015இல் வெளியான ஆய்வை உங்களுக்குச் சொல்லவேண்டும். மாணவிகளுக்கு மொத்தம் 12 மணித்தியாலப் பயிற்சி, நாலு பகுதி. அதில் உடம்பால் எதிர்க்கப் பழக்குவது ஒரு பகுதியில்தான் வருகிறது, மிச்சம் ஆபத்தை நேரத்தோடு இனங்காண்பது, தெரிந்த ஆள் என்றபடியால் வருகிற தயக்கத்தைத் தாண்டுவது, தனக்கு என்ன வேண்டும் வேண்டாம் என்று தெளிவது. ஒரு வருசத்துக்குள் வல்லுறவுக்கு ஆளானவர்கள் பயிற்சி பெறாதவர்களில் 9.8 வீதம், பெற்றவர்களில் 5.2 வீதம். கிட்டத்தட்டப் பாதி. பத்து வருசம் பழகிக் கறுப்புப் பட்டி எடுக்கத் தேவை இருக்கவில்லை, வெறும் 12 மணித்தியாலம்தான். அதனால் உங்கள் கிராமத்துத் தாய்மாருக்குப் பட்டியும் வேண்டாம், சீருடையும் வேண்டாம், ஆறு சனிக்கிழமைப் பின்னேரம் இரண்டு இரண்டு மணித்தியாலம் வந்தால் காணும் என்று துணிந்து சொல்லலாம்.

வழமையான வகுப்பைப் பொறுத்தவரை, ஒன்றரை மணித்தியாலம் என்றால் அரை மணித்தியாலம் கட்டாவும் அடிப்படையும் அப்படியே இருக்கட்டும். வணக்கம், வரிசை, ஒழுங்கு எதையும் குறைக்கவேண்டாம், முழுப் பலத்தோடு பிடித்து இழுத்துப் பழகுகிற இடத்தில் அந்த ஒழுங்கு இல்லாவிட்டால் ஆட்கள் காயப்படுவார்கள். மிச்சம் ஒரு மணித்தியாலம் அன்று செய்த கட்டாவிலிருந்து ஒரே ஒரு துண்டை எடுத்து மேலே சொன்ன மாதிரி எதிர்ப்போடு. ஒரு மாதத்துக்கு ஒரு பிடி, கூட வேண்டாம். பெரிய பெட்டைகளோடு பெடியளைச் சோடி சேர்ப்பது பற்றித் தாய் தகப்பனிடம் முன்கூட்டியே கேளுங்கள், ஆனால் கடைசிவரை பெட்டைகளோடு மட்டும் பழகினால் ஒரு ஆம்பிளையின் பாரம் எப்படியிருக்கும் என்று தெரியாமலே போய்விடும், அதனால் நம்பிக்கையான பெரிய மாணவன் ஒருவனை நீங்கள் பக்கத்தில் நிற்கும்போது மட்டும் பாவியுங்கள். மண்டபக் கதவு எப்போதும் திறந்திருக்கட்டும், தாய்மார் உள்ளே இருந்து பார்க்கட்டும்.

பத்துப் பன்னிரண்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு இதில் எதுவும் வேண்டாம். அவர்களுக்கு ஓடுவது, கத்துவது, யார் சொன்னாலும் ஒளிக்காமல் அம்மாவிடமோ ரீச்சரிடமோ சொல்வது, இந்த மூன்றையும் விளையாட்டாகப் பழக்குங்கள். அவர்களைத் தொடக்கூடியவன் பெரும்பாலும் அவர்களுக்குத் தெரிந்த ஆள், சொக்லேற்றோடு வருவான், ஹெயான் ஷொதான் அங்கே ஒன்றும் செய்யாது. அப்படி ஒரு பிள்ளை வந்து உங்களிடம் சொன்னால் அந்த நிமிசமே நம்புங்கள், 1929க்கு எடுங்கள், ஊர்ப் பெரியவர்களைக் கூட்டிச் சமாதானம் பேசுகிற வேலைக்கு மட்டும் போகவேண்டாம்.